உவைஸ் கடைச் சூரியன்

"இந்தக் கொடியை ஏன் இன்னும் மாட்டி வெச்சிருக்கீங்க?"

திருப்போரூரில் மளிகை வாங்கிவிட்டு, என்றைக்கும் இல்லாத வழக்கமாகச் சீக்கிரமே கடைக்குத் திரும்பியிருந்த உவைஸ் திருதிருவென விழித்தான். கேட்டவள் மின்ஜி, செங்கல்பட்டுப் பக்கத்துக் கொரியக் கம்பெனியின் மேலாளர். மதியம் அவள் கம்பெனி ஆட்கள் முப்பது பேர் மாமல்லபுரத்தில் உவைஸின் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறார்கள். இடம் பார்க்க முன்னதாக வந்திருந்தாள்.

அடுப்படியை ஒட்டிய சுவரில் பழைய ஜப்பான் ராணுவக் கொடி. நடுவில் சிவப்புச் சூரியன், சுற்றிலும் கதிர்கள். அலைச்சறுக்கு ஆட வந்த எவனோ விட்டுப்போனதை உவைஸின் மனைவி ஃபர்சானா ஆணியடித்து மாட்டியிருந்தாள்.

"அழகா கீதுன்னு மாட்னது மேடம்."

"இதைத் தூக்கிக்கிட்டு வந்துதான் எங்க நாட்டைப் பிடிச்சாங்க. எங்க தாத்தாவைச் சுரங்க வேலைக்கு இழுத்துட்டுப் போனாங்க. இதைப் பார்த்துக்கிட்டே எப்படிச் சாப்பிடறது? பக்கத்துக் கடைக்குப் போறோம்."

பக்கத்துக் கடை ஜாக்குலினுடையது. உவைஸ் குறுக்கே வந்து நின்றான்.

"அவ மீன் கொழம்ப வாயில வெக்க முடியாது மேடம். தலைகீழா நின்னாலும் எங்க வூட்டுக்காரி கைப்பக்குவம் அவளுக்கு வராது."

"மச்சான், கொடிமேல மட்டும் கைய வெக்காதீங்க," என்று அடுப்படியிலிருந்து ஃபர்சானாவின் குரல் வந்தது.

அவள் பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. கழற்றாவிட்டால் என்ன, மறைக்கலாமே. இரண்டு வாழை இலையை எடுத்துச் சூரியன்மேல் செருகினான்.

நாஸ்தாவுக்கு வந்த ராமானுஜம் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் தேர்தல் பறக்கும் படை அதிகாரி.

"இன்னா பாய், ரெட்டை இலையா? எலெக்ஷன் நேரத்துல சின்னம்லாம் வெக்கக் கூடாது."

உவைஸ் ஓர் இலையைப் பிடுங்கினான். சூரியன் பாதி எட்டிப் பார்த்தது.

"இப்ப உதயசூரியன்."

தாம்பாளத்தை எடுத்து மறைத்தான். அதில் தாமரைப் பூ போட்டிருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு உள்ளங்கையை விரித்துக் கொடிமேல் வைத்துக்கொண்டான்.

"கையும் சின்னந்தான் பாய்," என்றார் ராமானுஜம் வருத்தத்தோடு.

மின்ஜிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முப்பது சாப்பாடும் ஜாக்குலின் கடைப் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் உவைஸுக்கு வந்ததே ரோஷம். "வேணாம் மச்சான்" என்று ஃபர்சானா ஓடிவருவதற்குள் கொடியைப் பிடித்து இழுத்துவிட்டான்.

சுவரில் ஜன்னல் அளவுக்கு ஓட்டை. கடையையே தூக்கும் மீன் குழம்பு வாசனை. ஆவி பறக்க ஒரு குண்டான் அதன் வழியே நுழைந்தது. பின்னாலேயே ஜாக்குலினின் குரலும் வந்தது.

"முப்பது பேருக்கும் கொழம்பு ரெடிக்கா. சீக்கிரம் வாங்கிக்கோ, அண்ணாத்த வந்துடப் போறாரு."