மந்திரியாரின் மனமாற்றம்

என் மனைவி கலைச்செல்வி கதை எழுதுவதைத் தடுத்து நிறுத்திவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தேன். பல் தேய்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

என் பெயர் உக்கிரபாண்டி. பெயரிலுள்ள உக்கிரத்தை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பர். ஊர் வண்டிக்கெல்லாம் நேரம் குறிக்கிறவனுக்கு நேரம் கெட்டது, அவன் மனைவி செல்போனில் தொடர்கதை எழுத ஆரம்பித்தபோதுதான்.

கதையின் பெயர் 'ஆழிக்கொற்றி'. தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு பழங்கால நகரம். அதைக் காப்பது கொற்றி என்ற கடல் தெய்வம். முத்துக்குளிப்பவரின் மகள் அலரி, பதினாறு வயது. தெய்வம் அவள்மேல் இறங்கித்தான் பேசும். அரசர் நோயில் கிடக்கிறார். தலைமை மந்திரி பெருஞ்சாத்தன், தெய்வம் ஊமையாகிவிட்டது என்று ஊரை நம்பவைத்து, தனக்குத் தலையாட்டும் இளவரசனைச் சிம்மாசனத்தில் ஏற்றப் பார்க்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் சுகந்தியும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் வியாழக்கிழமையே அலரிக்காகக் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

இதில் எனக்கென்ன கஷ்டம்? பெருஞ்சாத்தன் பொய் சொல்லும்போது சாவியால் காது குடைவான். "நான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பான். சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போவான். முதுகுளத்தூரில் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்கிற ஆள் ஒருவன்தான் உண்டு.

கதையைப் படித்துவந்த கண்டக்டர் காளிதாஸ் வியாழக்கிழமை அதைக் கண்டுபிடித்துவிட்டான். "மந்திரியாரே, பரமக்குடி வண்டிய எடுக்கவா? இல்ல, தெய்வத்துக்கிட்ட உத்தரவு கேட்கணுமா?" என்றான். பயணிகள் சிரித்தார்கள். மறுநாள்தான் பல் தேய்த்துக்கொண்டே அந்த முடிவை எடுத்தேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன்.

"கலை, அந்தக் கதைய நிறுத்திரு."

"ஏங்க?"

"மந்திரி என்னைய மாதிரியே இருக்கான்."

"அவன் ரொம்பக் கெட்டவனாச்சே. ஒங்கள மாதிரியா இருக்கான்?"

ஆமாம் என்றால் நான் கெட்டவன். இல்லை என்றால் கதையை நிறுத்தக் காரணம் இல்லை. யோசித்தபடி சாவியை எடுத்துக் காதைக் குடைந்தேன். சுகந்தி தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

நேர்வழி அடைபட்டதால் நானும் அரண்மனைச் சூழ்ச்சியில் இறங்கினேன். அவள் கதை போடும் செல்போன் செயலியில் 'பேராசிரியை உலகம்மாள்' என்று ஒரு கணக்குத் தொடங்கினேன். ஓய்வுபெற்றவர், வயது அறுபத்தெட்டு, பண்டைய சமயங்களை ஆராய்ந்தவர். கலைச்செல்விக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன்: "மகளே, உன் கதை அருமை. ஆனால் மந்திரியை இவ்வளவு கெட்டவராகக் காட்டலாமா? அக்கால மந்திரிகள் உத்தமர்கள். அவரையே அரசராக்கினால் கதை சிறக்கும்."

அரை மணியில் பதில் வந்தது. "வணக்கம் அம்மா. நீங்கள் படிப்பது என் பாக்கியம். ஆனால் மந்திரியை எனக்குத் தெரிந்த ஒருவரைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அவர் தட்டைக்கூடக் கழுவுவதில்லை. எப்படி நல்லவராக்குவது?"

பேராசிரியை எழுதினார்: "மனிதர் மாறக்கூடியவர், மகளே. பொறுத்துப் பார்."

அன்று இரவு என் தட்டை நானே கழுவினேன். வெள்ளிக்கிழமை அத்தியாயத்தில் பெருஞ்சாத்தன் ஒரு கிழட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டினான்.

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. அடுத்த செய்தியில் கலைச்செல்வி, "அவர் ஒரு நாளாவது இட்லிக்கு மாவு ஆட்டினால் அத்தியாயத்தை நிம்மதியாக முடிப்பேன் அம்மா" என்று எழுதியிருந்தாள். ஆட்டினேன். மந்திரி இரண்டு கைதிகளை விடுதலை செய்தான். மீன் கழுவிய வாரம் அலரிக்கு வைத்த நஞ்சுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். ஒட்டடை அடித்த வாரம் முத்துக்குளிப்பவர்களின் வரியைப் பாதியாகக் குறைத்தான். வீட்டில் என் இடுப்பு ஒடிந்தது. நாட்டில் குடிமக்கள் வாழ்த்தினார்கள். காளிதாஸே, "அண்ணே, மந்திரி திருந்திட்டாருல்ல" என்று மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்தான். இன்னும் நாலு வாரம் துணி துவைத்தால் சிம்மாசனம் நிச்சயம் என்று கணக்குப் போட்டேன்.

அந்த நேரத்தில் பேராசிரியை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவருக்கும் என் வாய்தானே. "மகளே, இவ்வளவு நன்றாக எழுதுகிறாய், ஏன் இத்தனை வருஷம் எழுதவில்லை?" என்று கேட்டுவைத்தார்.

இந்த முறை அரை மணியில் பதில் வரவில்லை. மறுநாள் மத்தியானம், ராமநாதபுரம் வண்டிக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

"அம்மா, கல்யாணமான முதல் வருஷம் ஒரு நோட்டு நிறைய எழுதினேன். இதே கொற்றியின் கதைதான். படித்துப் பார்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். சாயங்காலம் சேக்காளிகள் நாலு பேரை உட்காரவைத்து அவர் சத்தமாக வாசித்தார். தெய்வம் பேசுகிற இடத்தில் கீச்சுக்குரலில் பேசிக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் அவருக்கு வெந்நீர் போடும்போது நோட்டை அடுப்பில் வைத்துவிட்டேன். அப்புறம் பதினேழு வருஷம் எழுதவில்லை. அவருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது அம்மா."

ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை. நல்லதொரு சாயங்காலம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துவைத்திருந்தேன். அந்தக் கீச்சுக்குரலை அதற்கப்புறம் எத்தனையோ கல்யாண வீடுகளில் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மறுநாள் குளித்துவிட்டு வந்து, "வெந்நீர் இன்னைக்கு நல்ல சூடு" என்று அவளைப் பாராட்டியதும் ஞாபகம் வந்தது.

ராமநாதபுரம் வண்டி என்னைக் கேட்காமலே கிளம்பிப் போனது.

மூன்று நாள் பேராசிரியை எதுவும் எழுதவில்லை. மாவு ஆட்டினேன், துணி துவைத்தேன், மந்திரிக்காக இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது வேலை தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் தனுஷ்கோடிக்குப் போனோம். கதை நடக்கிற இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான்தான் தள்ளிப்போட்டேன். சுகந்தி அன்னாசித் துண்டு வாங்கப் போனாள். கலைச்செல்வி மணலில் நின்று, தண்ணீருக்குக் கீழே தன்னுடைய ஊர் தெரிவதுபோலக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கலை, ஒண்ணு சொல்லணும். அந்தப் பேராசிரியை உலகம்மா..."

"நீங்கதான்."

காற்று வேட்டியை அடித்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. நான் பதில் அனுப்புனா ஒங்க சட்டைப் பையில மணி அடிக்கிது. மறுபடி அனுப்பிப் பார்த்தேன், மறுபடியும் அடிச்சுச்சு. அப்புறம் அந்தம்மாவுக்கு எழுதுன வேலையெல்லாம் மறுநாளே இங்கன நடந்துச்சு. சுகந்திதான், மீனையும் எழுதும்மான்னா."

"அவளுக்கும் தெரியுமா?"

"ஒட்டடை அவ யோசனை."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல் முளைத்தது. வெட்கக்கேடான ஆறுதல்தான். மெதுவாகக் கேட்டேன். "அப்ப, அந்த நோட்டு, வெந்நீர்... அதுவும் என்னைய வேலை வாங்க எழுதுனதுதானா?"

நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

"இல்லங்க. மத்ததெல்லாந்தான் வேலை வாங்க. நோட்டு விஷயம் நெசம். நேர்ல சொல்லியிருந்தா நீங்க காதைக் குடைஞ்சிருப்பீங்க. அந்தம்மான்னா கடைசி வரைக்கும் படிப்பாங்கன்னு எழுதுனேன்."

என் பையில் சாவி இருந்தது. எடுக்கவில்லை. "தப்புத்தான் கலை" என்றேன். கல்யாணமானதிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அலைச்சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

"கேட்டுச்சு" என்றாள்.

சுகந்தி தூரத்தில் அன்னாசியோடு வந்துகொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் விஷயத்தை முடித்துவிட நினைத்தேன்.

"அப்ப மந்திரிய மன்னிச்சிருவியா?"

"அவன எப்பவோ மன்னிச்சாச்சு" என்றாள் கலைச்செல்வி. "ஒங்களத்தான் யோசிக்கணும்."