பத்து மஞ்சள் குடைகள்

"உங்க கம்பெனியில யாரும் சீண்டாத சரக்கு ஒண்ண எடுத்துக்குங்க. அடுத்த சனிக்கிழமைக்குள்ள அதுல பத்து உருப்படியாவது வித்துக் காட்டணும். வித்தாத்தான் சான்றிதழ்" என்று மார்க்கெட்டிங் மாஸ்டர் சொன்னதும், டிஸ்பாட்ச் அக்கா அதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

வகுப்பில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள். அக்காவுக்கு நாற்பத்து நான்கு. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்தபோது, முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "யாரோட அம்மா நீங்க?" என்று அன்பாக விசாரித்தாள்.

குடைக் கம்பெனியின் டிஸ்பாட்ச் பிரிவில் அவளுக்குப் பதினேழு வருஷம். எந்தக் கடைக்கு எத்தனை குடை போகிறது என்று பார்ப்பதும், கூடவே கடிதம் எழுதுவதும் அவள் வேலை. மார்க்கெட்டிங் பிரிவில் இரண்டு முறை இடம் காலியானது. இரண்டு முறையும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்கள், தங்கள் விடுப்புக் கடிதத்தில் இருந்த எழுத்துப் பிழைகளை அக்காவிடம் திருத்தி வாங்கியவர்கள்.

"நீ கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"கேட்கத்தான் வாய் வரலையே" என்றாள் அக்கா. வாய் வருவதற்காகத்தான் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள்.

யாரும் சீண்டாத சரக்கு என்றால் அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதலாளி ஆசைப்பட்டுச் செய்த கடுகு மஞ்சள் குடை ஒன்று இருந்தது. விரித்தால் மூன்று பேர் நிற்கலாம். மடக்கினால் ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். கம்பெனியில் அதற்குப் பெயர் 'கூடாரம்'. முந்நூறு கூடாரங்கள் இரண்டு வருஷமாகக் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தன.

"கூடாரத்தையா? தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று மேனேஜர் சிரித்தார். "திரும்பி வந்தா மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க."

பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் பத்துக் குடைகளை இறக்கினாள். கடைக்காரர் அவற்றை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கீழ படுக்க வைக்கவா, நிக்க வைக்கவா?" என்று கேட்டார். மூலையில் நிற்க வைத்தார்கள்.

பொருள் என்னவென்று சொல்லாதே, வாங்குகிறவருக்கு அது என்ன செய்யும் என்று சொல் என்பது மாஸ்டர் கற்றுக்கொடுத்த பாடம். அக்கா ஒரு அட்டையை எடுத்து, 'உலகத் தரம்' என்று எழுதி அடித்தாள். 'உறுதி, உழைப்பு, உயர்வு' என்று எழுதி, அது தேர்தலுக்கு நிற்பது போலிருந்ததால் அதையும் அடித்தாள். கடைசியில், 'கூட வர்றவங்களும் நனைய மாட்டாங்க' என்று எழுதினாள். எழுதிய பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. இதற்கா மூன்று மாசம் படித்தோம் என்று நினைத்துக்கொண்டே குடைகளின் மேல் அதைத் தொங்கவிட்டு வந்தாள்.

புதன்கிழமை மாலை எதிர்ச்சாரியில் நின்று எட்டிப் பார்த்தாள். பத்தும் அப்படியே நின்றன. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அட்டையைப் படித்தார்கள், குடையை விரித்தார்கள், ஏதோ பேசிச் சிரித்தார்கள், மடக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அக்காவுக்கு அவர்கள் தன்னைப் பார்த்தே சிரித்தது போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவரைச் சமையலறைக்குள் இழுத்தாள். அவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். ஒரு நாளைக்கு இருநூறு வீட்டுக் கதவைத் தட்டிப் பேசி அலுத்துப்போனவர் என்பதால், சொந்த வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

"நீங்கதான் காப்பாத்தணும். வெள்ளிக்கிழமை போய் அந்தப் பத்துக் குடையையும் வாங்கிடுங்க."

"நானா? பத்துமா?"

"உங்களத்தான் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. ஆபீஸ்ல யாருக்காவது குடுத்துடுங்க. இதப் பத்தி வீட்டுல மூச்சு விடக்கூடாது. அத்தைக்குத் தெரிஞ்சா சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்ச மாதிரி."

வெள்ளிக்கிழமை இரவு அவர் சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா கண்ணாலேயே கேட்டாள்.

"போயிட்டு வந்தேன். கடையில இப்ப ஒரு மஞ்சக் குடை கூட இல்ல."

"ரொம்ப நன்றிங்க."

"எனக்கு எதுக்கு நன்றி? நான் போனப்ப…"

"ஷ்… அத்தை வர்றாங்க" என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள் அக்கா. அவர் வாய் சோற்றுக்குத் திறந்ததோடு சரி.

சனிக்கிழமை சான்றிதழ் கிடைத்தது. வகுப்பே கைதட்டியது. அக்கா அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள், திருட்டு நகையை ஒளித்து வைப்பது போல.

திங்கட்கிழமை காலை மேனேஜர் டிஸ்பாட்ச் பிரிவுக்கே ஓடி வந்தார்.

"அந்தக் கடைக்காரர் போன் பண்ணாரு. பத்தும் தீந்துடுச்சாம். இன்னும் நூறு கேக்கறாரு. என்ன மாயம் பண்ணீங்க?"

அக்கா கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தாள். பாவம் கடைக்காரர், ஒரே ஆள் வாங்கிப்போனதை ஊரே வாங்கியது என்று நினைத்துவிட்டார்.

"அது ஏதோ தற்செயல் சார்."

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்" என்று மேனேஜர் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

அன்று மாலை, கூடாரத்தை அனுப்ப இருபது கடைகளின் பட்டியல் தயாரானது. அக்கா பயந்துபோய், இதைக் கெடுக்க என்ன வழி என்று யோசித்தாள்.

"சார், விலையைக் கொஞ்சம் ஏத்திடலாமே" என்றாள். ஏற்றினால் கடைக்காரர்களே வேண்டாம் என்பார்கள்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டு வருஷமா நான் விலையக் குறைக்கத்தான் யோசிச்சேன். ஏத்தணும்னு ஒருத்தருக்குத் தோணிச்சா?" முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி தன் குடையின் அருமை தெரிந்த ஒரு ஜீவன் கடைசியில் கிடைத்தது என்று கண்கலங்கி, இன்னும் இரண்டாயிரம் தைக்கச் சொன்னார்.

"சார், மஞ்சள் எல்லாருக்கும் பிடிக்காது" என்று அக்கா மறுநாள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

"கரெக்ட். பிடிச்சவங்களுக்கு மட்டும்னு சொல்லி விப்போம். எழுதிக்கோங்கப்பா."

வாயைத் திறந்தால் பதவி உயர்ந்தது. புதன்கிழமைக்குள் அவள் மார்க்கெட்டிங் பிரிவின் துணை மேலாளர். வியாழக்கிழமை கடைக்காரர்கள் கூட்டம், பேசப்போவது அவளே. இரண்டாயிரம் குடைக்கான துணியை வெள்ளிக்கிழமை வெட்டுவதாக ஏற்பாடு.

புதன் மதியம் தையல் கூடத்தைக் கடந்து போனாள். போன வருஷம் மழைக்கோட்டு விற்காமல் திரும்பியபோது, இங்கே இருந்த பதினாறு பெண்களையும் ஒரு மாசம் வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிதங்களை எழுதியதும் அக்காதான். மூத்த தையல்காரி அவளைப் பார்த்து, "உன்னால எங்களுக்கு மழைக்காலம் முழுக்க வேலை இருக்குடி" என்று கையைப் பிடித்தாள்.

அந்தப் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டபோதே அக்கா முடிவு செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை கூட்ட அறையில் இருபது கடைக்காரர்கள், முன்வரிசையில் முதலாளி, பக்கத்தில் மேனேஜர். அக்கா மேடை ஏறினாள். மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை இழுத்து விட்டாள், பார்வையைக் கடைசி வரிசையில் நிறுத்தினாள்.

"நான் சொல்லப்போறது உங்களுக்குப் பிடிக்காது. துணி வெட்டறதுக்கு முன்னாடி சொல்லிடணும்" என்றாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் நடுங்கவில்லை. "நான் எழுதின அட்டையப் பாத்து யாரும் குடை வாங்கல. சான்றிதழுக்காக நான் ஏமாத்தினேன். அந்தப் பத்துக் குடையையும் போன வெள்ளிக்கிழமை வாங்கினது என் வீட்டுக்காரர். தண்ணி மீட்டர் பாக்கறவர். காக்கிப் பை மாட்டிக்கிட்டு வந்திருப்பார். இதுல கம்பெனி மேல தப்பு இல்ல, தையக்காரங்க மேலயும் தப்பு இல்ல. எனக்குக் குடுத்த பதவிய எடுத்துக்குங்க. குடைய மட்டும் தைக்காதீங்க."

மேனேஜர் வாயில் இருந்த தேநீரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. பேருந்து நிலையக் கடைக்காரர் எழுந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"காக்கிப் பை மாட்டின சாரா? பத்துக் குடையும் முந்தின நாளே வித்துப் போச்சுன்னு சொல்லி, அவர நான்தான் வெறுங்கையோட திருப்பி அனுப்பினேன் மேடம்."