ஒன்பதரையில் பாதி: ஓர் உயர்மட்ட நடவடிக்கை

மனிதகுலத்தின் மகத்தான சாதனைகள் சாப்பாட்டு மேசையில்தான் நடந்திருக்கின்றன என்பதை வருங்காலம் ஒப்புக்கொண்டே தீரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் வருங்காலத்திடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை அனுப்பக் கண்காணிப்பாளர் தயாராக இருந்தார். திட்ட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருட சேவை என்றால் சும்மாவா?

அன்று மாலை ஐந்து மணிக்கு மகள் கணக்கு நோட்டை அவர் முன் வைத்தாள். வட்டத்தின் விட்டம் ஒன்பதரை சென்டிமீட்டர். ஆரம் கண்டுபிடித்து வட்டம் வரைய வேண்டும். நோட்டின் ஒவ்வொரு தாளின் அடியிலும் 'பெற்றோர் செய்த உதவி' என்று அச்சிட்ட ஒரு கட்டம். அதில் கையெழுத்து இல்லாமல் வீட்டுப்பாடம் செல்லாது. வீட்டுப்பாடம் முடியாமல் வெளியே போகக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். ஐந்தரை மணிக்கு, கீழே மைதானத்தில் இறுதி ஆட்டம். மகள்தான் கோல்கீப்பர், மாற்று ஆள் கிடையாது.

"விட்டத்துல பாதி ஆரம். நாலே முக்கால்பா. கையெழுத்து மட்டும் போடுங்க."

"முடிவை முதல்லயே சொல்லிட்டா அப்புறம் கூட்டம் எதுக்கு, உட்காரு," என்றார் கண்காணிப்பாளர்.

பக்கத்து அறையில் மனைவி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். ஊரார் இடுப்பளவையெல்லாம் நாள் முழுக்கப் பாதியாக்குவது அவள் பிழைப்பு. தையல் மெஷினை நிறுத்தாமலே நாலே முக்கால் என்று குரல் கொடுத்தாள். அது 'உறுதி செய்யப்படாத தகவல்' என்று ஓரத்தில் குறிக்கப்பட்டது.

கண்காணிப்பாளர் பொறுப்பை நேரடியாகத் தம் கையில் எடுத்தார். ஒன்பதைப் பாதியாக்கிப் பார்த்தார். அது மசியவில்லை. லீவு கேட்டு வந்த குமாஸ்தாவைப் பார்ப்பதுபோல் அதைச் சற்று நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"இடது பக்கம் நாலு, வலது பக்கம் அஞ்சரை. கூட்டிப் பாரு, ஒன்பதரை வருதா இல்லையா?"

"ஒன்பதரை வருதுப்பா. வட்டம்தான் வராது."

வட்டம் ஒத்துழைக்க மறுப்பது புதிதல்ல என்றும், அலுவலகத்தில் இதைவிடக் கோணலானவற்றையெல்லாம் வட்டம் என்று கையெழுத்திட்டிருப்பதாகவும் அவர் தெம்பூட்டினார். காம்பஸை அழுத்திப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். தாள் கிழிந்தது. கீழேயிருந்து பிள்ளைகள் மகளை நாலு தடவை கூப்பிட்டார்கள். அவள் ஜன்னலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகை வரும்போலிருந்தது.

ஐந்தே முக்காலுக்கு, வாங்கிப்போன குடையைத் திருப்பிக் கொடுக்க வந்த மைத்துனன் அந்த இடத்திலேயே 'வல்லுநர் குழு'வாக நியமிக்கப்பட்டான். அவன் காப்பீட்டு ஏஜெண்ட், வாய்ச்சொல்லில் வீரன்.

"ஒன்பதரைதானே அத்தான் தொல்லை? கேள்வியைப் பத்துன்னு திருத்திடுங்க. விடை அஞ்சு. சுத்தமா வந்துடும்."

கண்காணிப்பாளருக்குப் புல்லரித்தது. கேள்வியைத் திருத்தி விடையை மிச்சப்படுத்தும் இந்த முறையில்தானே அவருடைய அலுவலகமே ஓடுகிறது! திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதுக்கு வெளியே இருந்த மகள் மட்டும், டீச்சர் புத்தகத்தைப் பார்ப்பாங்களே என்றாள். புத்தகத்துக்கும் ஒரு திருத்தாணை அனுப்பலாமா என்று குழு ஆராய்ந்தது. இன்னொரு தாள் அழித்து அழித்தே ஓட்டையானது.

ஏழு மணிக்கு மெஷின் நின்றது. மனைவி வந்தாள். ஒன்பதரை சென்டிமீட்டருக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டினாள், இரண்டாக மடித்தாள், அளவுகோலில் வைத்துக் காட்டினாள். நாலே முக்கால். துண்டை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"நான் ஆரம்பத்துலேர்ந்தே இந்தப் பக்கம்தான் வந்துக்கிட்டிருந்தேன்," என்றார் கண்காணிப்பாளர். மைத்துனன் கைதட்டினான்.

பிள்ளைகள் மாடிப்படியில் ஏறி வரும் சத்தம் கேட்டது. கோல்கீப்பர் இல்லாமல் ஐந்துக்குப் பூஜ்யம் என்று யாரோ வாசலில் சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் காம்பஸை எடுத்தாள். மூன்றாவது தாளில் வட்டத்தை ஒரே சுற்றில் வரைந்தாள். பிறகு கட்டத்தில் பொடி எழுத்தில் நிதானமாக எழுதி, நோட்டை அப்பாவிடம் நீட்டினாள்.

அவள் எழுதியது இதுதான்: 'எனக்கு அரை நிமிடத்தில் விடை தெரியும். அப்பா இரண்டு மணி நேரம் உதவி செய்தார். அதனால் இரண்டு தாள் கிழிந்தது, எங்கள் அணி தோற்றது. அப்பாவுக்கு இன்னும் பாதி போடத் தெரியாது.'

இருபத்திரண்டு வருட சேவையில் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்திடும் கெட்ட பழக்கம் கண்காணிப்பாளருக்கு இருந்ததில்லை. 'மேலே கண்டவை யாவும் உண்மை எனச் சான்றளிக்கிறேன்' என்று அச்சிட்டிருந்த வரிக்குக் கீழே, பச்சை மையில், முழுப் பதவியோடு கையெழுத்திட்டார்.