சம்பந்தி வீட்டுக்குப் போன துவக்குப் பூட்டு

அக்குறணை
14.8.1934

மடவளையில் இருக்கும் என் மதிப்புக்குரிய சம்பந்தி ஹலீம் நானா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் என் மனைவி ஆஸியா உம்மாவும், உங்கள் மருமகளாக வரவிருக்கும் மகள் கைரியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். துஆ இத்துடன் முடிந்தது. இனி என் கோபம்.

போன ஞாயிறு, துவக்குச் சோதனைக்கு ஆயத்தமாக, உங்கள் வீட்டில் ஒரே பாயில் இரண்டு துவக்கையும் கழற்றிப் போட்டோம். இரண்டும் பட்டாளம் கழித்துவிட்ட ஒரே மாதிரித் துவக்கு. ஒவ்வொரு துவக்கின் குழலிலும், தோட்டாவை அடைக்கிற அதன் பூட்டிலும் ஒரே நம்பர் வெட்டியிருக்க வேண்டும். நான் என்னுடையதைத் துடைக்கக் கை நீட்டினேன். "சேச்சே, சம்பந்திட துவக்க நான் தொடைக்கிறதுதான் மரியாத" என்றீர்கள். நானும் விடுவேனா? "அப்ப ஒங்கடத நான்" என்றேன். மாறி மாறித் துடைத்து, மாறி மாறிப் பூட்டி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்து, வட்டிலாப்பமும் தின்று, புது மாப்பிள்ளை மாதிரி வீடு வந்தேன்.

நேற்றுச் சோதனையில் துவக்கு அதிகாரி, யாழ்ப்பாணத்துப் பரமநாதன் ஐயா கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "உதென்ன காணும்? குழலில ஒரு நம்பர், பூட்டில வேற நம்பர். இது ஒரு துவக்கோ, ரெண்டு துவக்கோ?"

"ஒண்டுதான் ஐயா, சம்பந்தி தொடச்சுத் தந்தது."

வரிசை முழுக்கச் சிரித்தது. துவக்கு நம்பர் எழுதிய லைசன்சைக்கூட அவர் பார்க்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே நம்பராக் கொண்டு வாரும். இல்லாட்டித் துவக்கை எடுத்து வைச்சிடுவம்."

துவக்கு போனால் என் மரவள்ளித் தோட்டம் காட்டுப் பன்றிகளுக்கு வலீமா விருந்துதான். நான் கம்பெடுத்து நின்றால் அவை என்னைத் துரத்துகின்றன. போன மாதம் வேலியேறிப் பாய்ந்தது பன்றி அல்ல, நான். இடுப்பில் கட்டியிருந்த சாரம் இன்னும் வேலியில் தொங்குகிறது. கண்ணை எங்கே வைத்துத் துடைத்தீர்கள் நானா? நான் நாலாம் வகுப்புத்தான், ஆனாலும் நம்பர் வாசிப்பேன். என்ட நல்ல பூட்ட ஒங்கட துவக்குல போட்டுக்கிட்டு, ஒங்கட தேஞ்ச பூட்ட என்ட தலையில கட்டினீங்களே, இது மரியாதையா, களவா? என் பூட்டு வராவிட்டால் நிக்காஹ்வும் இல்லை! ஒரு பூட்டை அடையாளம் காணத் தெரியாத வீட்டில் என் பிள்ளை எப்படிக் குடும்பம் நடத்தும்?

உங்கள் வீட்டில் உம்மு குல்சும் அவர்களுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் நல்ல பார்வையும் தருவானாக.

கோபத்தோடும் மரியாதையோடும்,
மஹ்மூத்

பி.கு.: ஆஸியா உம்மா இப்போதுதான் வந்து, "லைசன்ஸ வெச்சு நம்பரப் பாத்தீங்களா, இல்ல சும்மா கத்துறீங்களா?" என்று கேட்டா. வைத்துப் பார்த்தோம். அந்தத் தேய்ந்த பூட்டு என்னுடையதுதான். குழல், கட்டை, தோள்வார் எல்லாம் உங்களுடையவை. என் துவக்கு அங்கே, உங்கள் பூட்டோடு இருக்கிறது. அதைப் பூட்டி உங்கள் கையில் தந்தவன் நான். நிக்காஹ் பற்றிய வரியைக் கைரியா வாசித்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பகல் சோறு இல்லை. இதைக் கொண்டு மடவளைக்குப் போகிறவர் வாசலில் அவசரப்படுகிறார், வேறு கடிதம் எழுத நேரமில்லை. களவு என்று வரும் இடத்தை எனக்கே எழுதியதாக வாசிக்கவும். வெள்ளிக்கு முன் துவக்கோடு நீங்களே வாருங்கள். நான் வீட்டில் இல்லை என்று ஆஸியா உம்மா சொல்லுவா. நம்பிவிடுங்கள் நானா, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டாம்.