பச்சை டிக் இணைத்த பேமென்ட் கேட்வே

தோல்வி என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதன் பச்சை டிக்தான். எஞ்சினீயரிங் கல்லூரி செமஸ்டர்தோறும் அவனுக்கு அதைப் புரியவைக்கப் பார்த்தது. அவன் கண்டுகொள்ளவில்லை.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழேயும் மேலேயும் ஒரே முதலாளி; பாய் என்போம். கடைக்காரர்கள் தங்கள் கடைப்பெயர் போட்ட காலண்டருக்குப் போனிலேயே ஆர்டர் கொடுத்து, போனிலேயே பணமும் கட்ட ஓர் ஆப் வேண்டும், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓட வேண்டும் என்றார். மற்ற வேலைகளை நாங்கள் எடுத்துக்கொண்டோம். பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயை ஆப்போடு இணைக்கும் வேலை, எங்கள் கெட்ட நேரம், தாயில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் இவனிடம் போய்ச் சேர்ந்தது.

கேட்வே கம்பெனி கொடுத்த வழிமுறைகளை அவன் படிக்கவில்லை. படித்தால் குழப்பம் வரும் என்பது அவன் கொள்கை. சோதித்துப் பார்க்க ஆபீஸில் ஐபோன் இல்லை என்றதும் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தான். யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் ஐபோனிலேயே சோதித்துவிட்டு, மொய் எழுதாமல், பாயசம்வரை சாப்பிட்டுவிட்டு வந்தான்.

ஐபோனில் பணம் கட்டப் போகிறவர் எங்கள் ஆப்புக்குத் திரும்பாமல், பணம் அனுப்பும் ஆப்பிலேயே நின்றுவிடுகிறார் என்று அங்கே தெரிந்தது. செட்டிங்கில் சின்ன மாற்றம் செய்தால் தீர்ந்துவிடும். இவன் 'பணம் கட்டியபின் தயவுசெய்து திரும்பி வரவும்' என்று பஸ் ஸ்டாண்ட் அறிவிப்புபோல ஒரு வரியைப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போனான்.

அப்படித் திரும்பி வந்தவர்களுக்குத் திரை நிறையப் பச்சை டிக் விழும். பணம் போயிருந்தாலும் விழும், போகாவிட்டாலும் விழும்; விழுந்ததும் ஆர்டர் கீழே அச்சுக்குப் போய்விடும். அவனுக்குப் பச்சை டிக் என்று பெயர் வந்த கதை இதுதான். பணம் வந்ததாக வங்கி வழியாக நம் சர்வருக்குத் தகவல் வந்த பிறகுதான் டிக் போட வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன்.

"போன வேலைய முடிக்காமலா அண்ணே திரும்பி வருவாக?" என்றான்.

அந்தச் சரிபார்ப்பைக் கடைசியில் சேர்த்துவிடுகிறேன் என்று தலையாட்டினான். சேர்க்கவில்லை.

சீசன் தொடங்கியது. ஆர்டர் குவிந்தது. பாய் மகிழ்ந்துபோய் மாடிக்குப் பிரியாணி அனுப்பினார். பச்சை டிக் அதைத் தன் வெற்றி விழாவாகவே நினைத்துச் சாப்பிட்டான்.

பிறகு காரியாபட்டி மளிகைக்கடைக்காரர் ஒருவர் பாய்க்குப் போன் போட்டார்.

"வெலையப் பாத்துட்டு வேணாம்னு திரும்பிட்டேன் பாய். ஆனாலும் எங்கடை பேரு போட்டு லோடு வந்து எறங்கிருக்கு. இம்புட்டு நல்ல கம்பெனிய நான் பாத்ததே இல்ல."

பாய் மாடியேறி வந்தார். பார்த்தால், ஏகப்பட்ட ஆர்டர்களுக்குப் பணமே வரவில்லை. ஒருவர் கடைப்பெயரை அச்சடித்த காலண்டரை இன்னொருவர் தலையில் கட்டவும் முடியாது. பச்சை டிக் இப்போது நெட்வொர்க்கைக் குறை சொல்வான், அப்புறம் வங்கியைச் சொல்வான் என்று காத்திருந்தேன். எழுந்து நின்றான்.

"நாந்தான் பாய். இவுக சொன்னாக, நான் கேக்கல."

பாய் சத்தம் போடவில்லை. செய்தவனே போய்ப் பணத்தைக் கேட்டு வாங்கி வரட்டும் என்றார். தனியாக அனுப்பப் பயந்து என்னையும் கூட அனுப்பினார்.

சாத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பஸ்ஸில் போனோம். பணம் கட்டிவிட்டதாகவே நம்பியிருந்த கடைக்காரர்கள், பணம் போகவே இல்லை என்று போனில் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கட்டினார்கள். சிலர் அவனை வெயிலில் நிற்கவைத்துத் திட்டிவிட்டுக் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். காரியாபட்டிக்காரர் மட்டும் விலையைக் குறைத்துக்கொண்டு கட்டினார். ஒருவழியாக எல்லாம் வசூலாகி, இவன் வேலையும் தப்பியது.

திரும்பும் பஸ்ஸில், அப்படி என்னடா அந்த டிக் மேல் ஆசை என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர். ஒருமுறை கடையில் போன் வழியாகப் பணம் கட்டியபோது சிவப்புக் குறி விழுந்ததாம். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருக்க, காசு இல்லையா என்று கடைக்காரர் சத்தமாகக் கேட்டிருக்கிறார். கணக்கில் காசு இருந்தது. அந்த அம்மா எண்ணெய்ப் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"அந்தச் செவப்பப் போட எனக்குக் கை வரல அண்ணே."

"அதுக்கு ஊருக்கெல்லாம் ஓசிக் காலண்டராடா?" என்றேன். அதற்குமேல் திட்ட வரவில்லை.

கேட்வே இணைப்பை நானே முதலிலிருந்து எழுதினேன். பணம் வராவிட்டால் திரையில் என்ன சொல்வது என்பதை மட்டும் அவனிடம் விட்டேன். அதில் எதையும் கெடுக்க முடியாதே. 'பணம் இன்னும் வந்து சேரவில்லை. உங்கள் ஆர்டர் பத்திரமாக இருக்கிறது. நிதானமாக மறுபடி கட்டலாம்' என்று எழுதினான். போனைப் பிடித்திருப்பவருக்கு மட்டும் தெரிகிற அளவில், சின்ன எழுத்தில் போட்டான்.

பிறகு கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்தக் கம்பெனியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இங்கே அவன் செய்துவைத்ததை எல்லாம் அழித்துவிட்டோம். புதிதாக வருகிறவர்கள் அந்த எழுத்தைப் பெரிதாக்கிச் சிவப்பில் போடலாமே என்பார்கள். அதில் மட்டும் யாரையும் கை வைக்க விடுவதில்லை நான்.