மாமாவின் இரண்டு நிமிட மழை

கனவு காண்கிறவன் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்கக் கூடாது. நான் கனவு காண்கிறவன். கண்டியிலிருந்து வீட்டுக்கு பஸ் ஏறினால், ஜன்னல் வழியே மகாவலி ஆற்றைப் பார்த்தபடி, கெலிஓயாவில் இறங்க மறந்துவிடுகிற ஆள். (கம்பளை வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இரண்டு தடவை.)

அப்படிப்பட்ட நான், ஒரு மழைக்காலத்தில், டீவி நிகழ்ச்சிகளைத் தானாகவே பதிவு செய்யும் பெட்டி ஒன்றைச் செய்தேன். ஒரு பழைய கணினி, அதற்குள் செருகிய டீவி கார்ட், கூரையில் ஓர் அன்டெனா. நேரத்தைக் குறித்துவிட்டால் போதும், வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் காற்றில் வருவதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். இதை நான் கண்கள் பளபளக்க விளக்கியபோது, என் மனைவி வசந்தி, "கரண்ட் போனா?" என்று மட்டும் கேட்டாள். (கரண்ட் போகவில்லை. போயிருந்தால் பழியை அதன் தலையில் போட்டுத் தப்பித்திருப்பேன்.)

பெட்டிக்கு வேலை வந்தது மாமாவால். மாமா என்றால் வசந்தியின் அப்பா. மாமியும் அவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். கலஹா மலைப்பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டி, ஒரு கோழியைக்கூட இடிக்காமல் ஓய்வு பெற்றவர். அதைக் கேள்விப்பட்டு டீவிக்காரர்கள் வந்து பேட்டி எடுத்துப் போனார்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வரும் என்றார்கள். அதே ஞாயிறு, அதே ஒன்பது மணிக்கு, மாத்தளையில் வசந்தியின் அத்தை மகளுக்கு முகூர்த்தம்.

பேட்டி எடுத்தபோது மாமி கோயிலுக்குப் போயிருந்தார். வந்ததும் மாமா வாய்தவறிச் சொல்லிவிட்டார்: "இந்த வெற்றிக்கு யாரு காரணம்னு கேட்டாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"டீவில வரும். பாத்துக்க."

மாமாவுக்குப் பேச்சில் அவ்வளவு சிக்கனம். முப்பத்தைந்து வருடத்தில் மாமியின் சமையலுக்கு அவர் கொடுத்த உச்சபட்சப் பாராட்டு, "உப்பு சரியா இருக்கு." ஆகவே மாமி அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தீபாவளியைவிட ஆவலாக எதிர்பார்த்தார். அரிசி கழுவும்போதுகூடத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு ரிஸானா டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "நான் வீட்லதான் இருப்பன் மகன். போன்ல புடிச்சி வெக்கவா?"

"வேணாம் டீச்சர். மெஷின் இருக்கு," என்றேன். அந்தத் தொனியை இன்று நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

ஒரு வாரம் பின்னேரங்களில் சோதனை நடந்தது. ஹந்தானை மலைப் பக்கமிருந்து பனி இறங்கி ஜன்னலை மூடும். கணினித் திரையிலும் முதலில் பனிதான் தெரியும். நான் கூரையில் அன்டெனாவை மெல்லத் திருப்புவேன். ஹோலில், அதே அன்டெனாவில் ஓடும் டீவிக்கு முன்னால் இருந்து வசந்தி, "இன்னுங் கொஞ்சம்... ஆ, போதும்!" என்று கத்துவாள். இறங்கி வந்து அறையில் கணினியைப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகளுக்குள்ளிருந்து ஒரு முகம் கனவில் வருவதுபோல வந்து நிற்கும். நேரம் போவதே தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிடும்.

கார்ட் ஒரு பட்டியலைக் காட்டி நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. இலங்கை இல்லை. எடுப்பதே எடுக்கிறோம், பெரிய நாடாக இருக்கட்டும் என்று சீனாவை அழுத்தினேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. சத்தமும் கணீரென்று கேட்டது.

முகூர்த்தம் முடிந்து, கல்யாணச் சாப்பாட்டில் நான் அடித்த தம்பட்டத்தை நம்பி, பதினைந்து சொந்தக்காரர்கள் ஒரு வேனில் எங்களோடு கெலிஓயாவுக்கு வந்துவிட்டார்கள். இருந்த கதிரை போதாமல் பாய் விரித்தோம். மாமி பட்டுச்சேலையை மாற்றாமல் முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் பட்டனை அழுத்தினேன்.

மாமா வந்தார். அத்தனை தெளிவாக! சட்டைப் பொத்தானை எண்ணலாம். வாயைத் திறந்தார். "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

"மழையில நின்னா பேசினாரு?" என்றார் வசந்தியின் சித்தப்பா.

சத்தத்தைக் கூட்டினேன். மழை கூடியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சோதனை செய்த நாளெல்லாம் நான் கேட்ட சத்தம் ஹோலில் ஓடிய டீவியினுடையது. சீனாவில் சத்தம் வருகிற அலை வேறாம். பக்கத்தில் இருக்கிற இந்தியாவை அழுத்தியிருந்தால் எல்லாம் கேட்டிருக்கும்.

திரையின் அடியில் எழுத்து ஓடியது: 'முப்பது வருட வெற்றிக்குக் காரணம் யார்?' மாமா பேச ஆரம்பித்தார். எங்கள் சிக்கன மாமா, இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசினார்! கையை வட்டமாகக் காட்டினார். நெஞ்சைத் தொட்டார். கடைசியில் கண்ணைத் துடைத்தார். ஸ்ஸ்ஸ் என்று மழை பெய்தது.

மாமி மெதுவாகத் திரும்பினார். "என்னங்க சொன்னீங்க?"

மாமா பதினைந்து முகங்களையும் பார்த்தார். காதுமடல் சிவந்தது. "வேற என்னா... உன்னப் பத்திதான். நீ விடியக்காலம் எந்திரிச்சி சோறு கட்டிக் குடுத்தத."

"அந்த வட்டம்?"

"ரொட்டி."

வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷி முப்பத்தைந்து வருடம் காத்திருந்த வார்த்தைகளை நான் தொலைத்துவிட்டேன். டீவிக்காரர்களிடம் கேட்டதில் பிரதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தீபாவளிக்கு மாமி, "மாப்பிள்ள, அந்த மழையப் போடுங்க," என்றார். போட்டேன். மாமா படத்துக்குப் பின்னணி பேசவேண்டியதாயிற்று. ரொட்டியோடு இந்தத் தடவை கட்டச்சம்பலும் சேர்ந்தது. அடுத்த வருடம், "காச்சல்ல கெடந்தப்ப நாலு நாள் தூங்காம பாத்தா" என்பது வந்தது. அதற்கடுத்த வருடம் மாமா திரையைப் பார்க்காமல் சொன்னார்: "பனில ரோடு தெரியாதப்ப, வீட்ல ஒருத்தி முழிச்சிக்கிட்டு இருக்கான்னு நெனைப்பேன். கால் தானா பிரேக்குக்குப் போவும்." யாரும் சிரிக்கவில்லை.

போன பொங்கலுக்குத்தான் சமையலறையில் மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "மாமா அன்னைக்கி சொன்னத நீங்க கேக்க முடியாம பண்ணிட்டேன் மாமி."

மாமி பானையைக் கிளறியபடி சொன்னார். "அன்னைக்கி பொழுது சாயவே ரிஸானா டீச்சர் மதிலுக்கு மேல எட்டி, டீவில கேட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. முழுக்க பஸ்ஸப் பத்திதான். வட்டமா காட்டினது ஸ்டியரிங்காம். அந்த பஸ்ஸ இரும்புக் கடைக்குக் குடுத்தத சொல்றப்பதான் அழுதாராம். என் பேரே இல்ல."

"அப்பறம் ஏன் வருசா வருசம் போடச் சொல்றீங்க?"

"சத்தத்தோட வந்திருந்தா பஸ்ஸுப் பேச்சோட முடிஞ்சிருக்கும். இப்ப பாருங்க, வருசத்துக்கு ஒருக்கா என்னப் பத்தி வாயத் தொறக்கிறாரு. நீங்க அதத் திருத்திப்புடாதீங்க."

திருத்தவில்லை. வசந்திக்கும் சித்தப்பாவுக்கும் விஷயம் தெரியும். தெரியாதவர் மாமா ஒருவர்தான். இந்தத் தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நேற்றிலிருந்து குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலில் மாமா ஒத்திகை பார்க்கிறார். வெளியே கதவோரம் கதிரையைப் போட்டு, மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்.