ஸ்கோப்பண்ணையும் முப்பத்திரண்டு மடங்கு மானும்

துவக்கே வாங்காமல் துவக்குக்குக் கண்ணாடி தேடி மூன்று வருசம் அலைந்த மனிதர் இந்த மொன்ட்ரியால் முழுக்க ஒருவர்தான். துவக்கில், அதாவது துப்பாக்கியில், பூட்டும் தூரக்கண்ணாடிக்கு ஸ்கோப் என்று பெயர்; அதனால் அவர் எங்கள் ஸ்கோப்பண்ணை. இல்லை, இன்னொருவரும் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னால், தயவுசெய்து அவரை ஸ்கோப்பண்ணையிடம் அறிமுகப்படுத்தி வைக்காதீர்கள். இருவரும் சேர்ந்து வந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் வேட்டைச் சாமான் விற்பவர்கள் கடைகளைப் பூட்டிவிடுவார்கள்.

நாங்கள் இருவரும் ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நான் கந்தோர்ப் பக்கம், அலுவலகக் கணக்கு எழுதுபவன். அவர் கண்ணாடியில் கீறல் பார்ப்பவர். இருபது வருசமாக அதே வேலை. தலைமயிர் பருமன் கீறலையும் பத்தடி தள்ளி நின்று பிடித்துவிடுவார். சாப்பிட உட்கார்ந்தால் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் தந்த பிறகுதான் பேச்சையே தொடங்குவார்.

வேலையிடத்துக் கியூபெக்காரன் ஒருவன் ஒரு நவம்பரில் அவரை மான் வேட்டை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். மின்கம்பி போவதற்காகக் காட்டை வெட்டிய வெளியின் அடுத்த கரையில், நானூறு மீட்டருக்கு அப்பால் ஒரு மான் நின்றதாம். கியூபெக்காரன் தூரத்தைப் பார்த்துவிட்டு, துவக்கை இறக்கி வைத்துச் சாண்ட்விச்சைப் பிரித்துவிட்டான்.

"அது என்னை நேர பாத்துச் சப்பிக்கொண்டு நிக்குது ஐசே! நானூறு மீட்டர் எண்ட துணிவு!" என்றார் ஸ்கோப்பண்ணை என்னிடம்.

அன்று பிடித்த பைத்தியம்தான். முதலில் ஸ்கோப், பேந்து லைசென்சு, கடைசியில் துவக்கு என்று ஒழுங்கு போட்டார். அக்கா, அதாவது அவர் மனைவி, சண்டைக்கு வந்தார்.

"துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள்?"

"சத்தம் போடுறது துவக்கு. நான் தேடுறது கண்ணாடி."

"அப்ப கண்ணாடியோட நிப்பாட்டுங்கோ."

கடைக்குப் போக அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. அவருக்கு இருந்த பிரெஞ்சு bonjour, merci, அதற்கு மேல் தொழிற்சாலைக் கெட்ட வார்த்தைகள் நாலு. நானோ மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தவன். அந்தப் பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். சனிக்கிழமை சனிக்கிழமையாக, நாங்கள் இருக்கும் அஹுன்ட்சிக் பகுதியிலிருந்து பாலம் தாண்டி லவாலுக்கு.

ஒவ்வொரு ஸ்கோப்பையும் கடை வாசலுக்குக் கொண்டுபோய், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெத்தைக்கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஒருநாள், "கீழ சின்னனா என்னவோ போட்டிருக்கு" என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். கழிவு விலை தலையணைக்கு இல்லையாம். இன்னொரு நாள், "மான் வாறது மைம்மல் நேரம். மத்தியான வெளிச்சத்தில வச்சு வித்தா எப்பிடி? லைட்டை நூர்க்கச் சொல்லும்!" என்றார். பாதிக் கடை இருட்டில் நின்றது. வேறொரு தடவை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த விலையுயர்ந்த ஸ்கோப்பில் கீறல் ஒன்றைக் காட்டினார். கடைக்காரர் பூதக்கண்ணாடி எடுத்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் இங்கே வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியது. சொல்ல விருப்பமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

மூன்றாம் வருசம், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை. எனக்குப் பசி. வீட்டில் ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரிக்கிறார்கள். தெரிவு இரண்டு ஸ்கோப்புகளில் வந்து நின்றது. ஒன்று இரண்டு மடங்கில் தொடங்கி ஏழு வரை பெருப்பிக்கும் சிறியது. மற்றது எட்டில் தொடங்கி முப்பத்திரண்டு மடங்கு வரை போகும் பீரங்கி. கடைக்காரரும் ஒரு பழைய வேட்டைக்காரர். சாய்ந்து நின்று, பொறுமையாகப் பிரெஞ்சில் விளக்கினார்: "இங்கே காடு அடர்த்தி. மான் ஐம்பது அடியில் வந்து நிற்கும். பெரியதால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் நண்பருக்குச் சிறியதுதான் சரி."

"என்னவாம்?" என்றார் ஸ்கோப்பண்ணை. அவருடைய கை பெரியதின் மேல் இருந்தது.

உண்மையைச் சொன்னால் இன்னும் பத்துச் சனிக்கிழமை போகும் என்று எனக்குத் தெரியும்.

"பெரிசுதான் திறமாம் அண்ணை. யோசிக்காம எடுக்கட்டாம்."

அவர் முகம் விரிந்த விரிவு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு லைசென்சு எடுத்தார், துவக்கும் வாங்கினார். அடுத்த நவம்பரில் செம்மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க நானும் போனேன். அதே மின்கம்பி வெளி. காலையிலிருந்து அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். மான் வந்தது. எங்கள் முதுகுப் பக்கமாக. இருபத்தைந்து அடியில்.

அவர் மெல்லத் திரும்பிக் கண்ணை வைத்தார்.

"ஐசே," என்று கிசுகிசுத்தார், "கம்பளி தெரியுது."

"மான் அண்ணை!"

"மானில எவடம்?"

அவர் திருகைத் திருகத் திருகக் கம்பளி கொஞ்சம் சின்னக் கம்பளி ஆனது. அவ்வளவுதான். மான் எங்கள் இருவரையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டது. ஸ்கோப்பண்ணை கண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த ஸ்கோப்பைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு, முந்திய ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் சாப்பாடு. கம்பளிக் கதை எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர் உரத்துக் கேட்டார்: "எந்த விசரன் உனக்கு அந்தச் சாமானைத் தெரிஞ்சு தந்தவன்?"

மண்டபமே சிரித்தது. நான் தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"ஒருத்தருமில்லை," என்றார் ஸ்கோப்பண்ணை. "கடைக்காரன் சின்னனைத்தான் எடுக்கச் சொன்னவன். நான்தான் கேக்கேல்லை."

கடைக்காரர் சொன்னது அவருக்கு எப்படித் தெரியும்? சாப்பாடு முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்தேன். அவர் காரின் முன்கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அண்டைக்குக் கடையில..."

"தெரியும். போன கிழமை மாத்தக் கொண்டு போனனான். மகள் வந்து பிரெஞ்சில கதைச்சவள். கடைக்காரன் எல்லாம் சொன்னவன்."

"பசியில சொல்லிப்போட்டன் அண்ணை. வெக்கமாக் கிடக்கு. ஏன் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"கேட்டா நீர் பேந்து என்னோட வரமாட்டீர் ஐசே. உந்த மூண்டு வருசமும் நான் ஸ்கோப் பாக்கவோ வந்தனான்? தனிய லவாலுக்குப் போய் என்ன செய்யிறது?"

பிறகு என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் கழுத்துத் துண்டால் துடைத்து, திருப்பி மாட்டிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வருவதற்கு அரை மணித்தியாலம் முன்பே, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, பனிக்குள் வாசலில் நின்றேன்.